ஈ85 ஏற்றிய சுப்பர்சார்ஜர் கார்: அறிகுறியைப் பிடித்துப் பிழைக்குப் போகும் வழி

ஈ85 (85 வீதம் எத்தனோல், மிச்சம் பெற்றோல்) கலவைக்கு மாற்றிய காரில் ஏதாவது பிசகினால் முதலில் லப்டொப்பைத் திறந்து மேப்பில், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் உள்ள எரிபொருள், இக்னிஷன் அட்டவணையில், கை வைப்பதுதான் பலரின் வழக்கம். அது பிழையை மூடி மறைக்கும்; எஞ்சினைக் காப்பாற்றாது. எரிபொருள் அழுத்தம், பம்பில் நிற்கும் வோல்ற், தாங்கியில் உள்ள எத்தனோல் வீதம் ஆகிய மூன்றையும் அளந்து முடிக்கும்வரை மேப்பைத் தொட வேண்டாம். கீழே உள்ள எல்லாமே இந்த ஒழுங்கில்தான் போகின்றன.

எடுத்துக்காட்டாக வைத்திருப்பது 1.8 லீற்றர், நான்கு சிலிண்டர், 0.7 பார் பூஸ்ட் (சுப்பர்சார்ஜர் காற்றை அமுக்கித் தரும் கூடுதல் அழுத்தம்), 200 குதிரைவலு, இன்டேக் போர்ட்டுக்குள் அடிக்கும் இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன் (மிஞ்சிய எரிபொருள் தாங்கிக்குத் திரும்பும் குழாய்) உள்ள அமைப்பு. நிசான் நோட் டிஐஜி-எஸ் போல நேரடியாகச் சிலிண்டருக்குள் அடிக்கும் எஞ்சின்களுக்கு உயர் அழுத்தப் பம்ப் தனிக் கதை. அவற்றுக்கு இந்த எண்களைப் போட வேண்டாம்.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் ஈ85 பம்ப் வைத்த ஷெட் கிடையாது. திருகோணமலையில் ஓடும் கார் என்றால் பெற்றோலோடு எத்தனோலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். எத்தனோலை வாங்க, வைத்திருக்க, கொண்டுபோக மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பெயின்ற் கடையில் கிடைக்கும் மெதிலேற்றட் ஸ்பிரிட்டை ஊற்றவே கூடாது. அதில் உள்ள மெதனோல் அலுமினியத்தை அரிக்கும், தண்ணீரும் கூடவே வரும், எத்தனோல் சென்சரும் அதைச் சரியாக அடையாளம் காணாது.

கணக்கு இதுதான். எடையில், பெற்றோல் எரிய காற்று 14.7 பங்கு, ஈ85 எரிய சுமார் 9.8 பங்கு. ஈ85 அடர்த்தியும் சற்றுக் கூட. ஆகவே அதே காற்றுக்குக் கனவளவில் ஏறக்குறைய 40 வீதம் கூடுதலாக எரிபொருள் வேண்டும். சுப்பர்சார்ஜர் எஞ்சினில் ஒரு குதிரைவலுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 8.9 மில்லிலீற்றர் ஈ85 என்று வையுங்கள். 200 குதிரைவலுவுக்கு நிமிடத்துக்கு 1780 மில்லிலீற்றர். நான்காகப் பிரித்தால் 445. இன்ஜெக்டர் 85 வீத டியூட்டிக்கு (திறந்திருக்கும் நேர வீதம்) மேல் போகாமல் இருக்க 525 தேவை, கடையில் 550 கேளுங்கள். பம்பிடம் எதிர்பார்ப்பது மணிக்கு 107 லீற்றர், அதுவும் 3.7 பார் அழுத்தத்தில். பெட்டியில் அச்சடித்த எண் பெரும்பாலும் குறைந்த அழுத்தத்தில், 13.5 வோல்ற்றில் எடுத்தது. அதை நம்பி விளிம்பில் வாங்காதீர்கள். எத்தனோலுக்கு என்று உற்பத்தியாளரே சொன்ன பம்பாகவும் இருக்க வேண்டும். வால்ப்ரோ கொம்பனியின் பழைய 255 பம்ப் எத்தனோலுக்கு அங்கீகரிக்கப்பட்டதல்ல, 450 அங்கீகரிக்கப்பட்டது.

மேல் ஆர்பிஎம்மில் லீன் (எரிபொருள் குறைவு) ஆகிறது, இழுவை அறுகிறது

ஆபத்தான அறிகுறி இதுதான். காலை எடுத்துவிட்டு, பிழை தெரியும்வரை பூஸ்ட்டில் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பகிரும் குழாய்) ஒரு அழுத்த சென்சரைப் போட்டு, அதோடு இன்டேக் மனிபோல்ட் அழுத்தத்தையும் பதிவு செய்யுங்கள். பார்க்க வேண்டியது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம். எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் வெற்றிடக் குழாயைக் கழற்றி வைத்தால் ரெயிலில் 3.0 பார். குழாய் பூட்டி ஐட்லில் 2.4 அல்லது 2.5. பூஸ்ட் 0.7 ஏறும்போது 3.7. குழாய் பூட்டியிருக்கும் எந்த நிலையிலும் வித்தியாசம் 3.0 நிற்க வேண்டும். ரெவ் ஏற ஏற வித்தியாசம் 2.6, 2.3 என்று சரிந்தால் பிழை பம்ப் பக்கம். வித்தியாசம் அசையாமல் நின்று டியூட்டி 90ஐத் தாண்டினால் இன்ஜெக்டர் சிறிது. இரண்டும் சரியாக இருந்தும் லீன் என்றால் எத்தனோல் வீதத்தைப் பாருங்கள், பிறகு பிளக்கை.

ரெகுலேற்றர் தாங்கிக்குள்ளேயே இருந்து, வெற்றிடக் குழாய் இல்லாத ஐரோப்பியக் கார்களில் ரெயில் எப்போதும் 3.5 பாரில் நிற்கும். 0.7 பூஸ்ட்டில் வித்தியாசம் 2.8 ஆகிவிடும், இன்ஜெக்டர் அடிப்பது சுமார் 11 வீதம் குறையும். இது பழுதல்ல, அமைப்பின் இயல்பு. இன்ஜெக்டர் அளவைக் கணக்கிடும்போதே இதைச் சேர்த்திருக்க வேண்டும்.

வித்தியாசம் சரிகிறது என்று தெரிந்துவிட்டால் ரோட்டில் ஓட்டிச் சோதிக்கத் தேவையில்லை. நகருக்குள் மான், கந்தளாய் வீதியில் மாடு, ஹபரணைப் பக்கம் யானை என்று எந்நேரமும் ஏதாவது குறுக்கே வரும் ஊரில் முழுப் பூஸ்ட் ஓட்டம் வேண்டவே வேண்டாம். கராஜிலேயே செய்யலாம். ரெகுலேற்றரின் வெற்றிடக் குழாயில் கைப்பம்ப் ஒன்றைப் பூட்டி 0.7 பார் காற்று ஏற்றுங்கள். எஞ்சினை நிறுத்தி, ரிலேயை நேரடியாக இணைத்துப் பம்பை ஓட விட்டு, பற்றரியைச் சார்ஜரில் போட்டு 13.5 வோல்ற்றில் வையுங்கள். ரிட்டர்ன் ஹோஸை அளவுக்கோடு போட்ட கானுக்குள் விட்டு 30 செக்கன் பிடியுங்கள். நமது எஞ்சினுக்கு ஆகக் குறைந்தது 890 மில்லிலீற்றர், மனம் அமைதியாக இருக்க 1.2 லீற்றர். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். கானும் ரிலேயும் எட்ட எட்ட இருக்கட்டும், தீயணைப்புக் கருவி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கட்டும்.

அளவு குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வயர். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கனெக்டரில் வோல்ற் பாருங்கள், கழற்றி வைத்துப் பார்த்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும். பெரிய பம்ப் ஒன்று 15 ஆம்பியரை நெருங்கும். கொம்பனி போட்ட மெல்லிய வயர் 0.85 சதுர மில்லிமீற்றர் என்றால், ஐந்து மீற்றர் நீளத்தில் மட்டும் 1.5 வோல்ற் போய்விடும். பற்றரியிலிருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயரைப் புதிதாக இழுத்தால் அதே தூரத்தில் இழப்பு சுமார் 0.3 வோல்ற்தான். பற்றரிக்கு அருகில் பியூஸ், பின்னால் தனி ரிலே, பழைய பம்ப் வயர் அந்த ரிலேயைத் தூண்ட மட்டும். நெகற்றிவ் வயரை மறந்துவிடாதீர்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரம் நிற்கும் கார்களில் பொடியில் (காரின் உடற்பகுதியில்) முறுக்கிய எர்த் முனை வெளியில் சுத்தமாக இருக்கும், அடியில் பச்சையும் துருவும் பிடித்திருக்கும். பொசிற்றிவ் பக்கம் சரியாக இருந்தும் பம்ப் 11.8 வோல்ற்றில் திணறுவது இதனால்தான். பெயின்றைச் சுரண்டி, புதிய கண்ணி அடித்து, கிறீஸ் பூசிப் பூட்டுங்கள்.

வயர் சரி என்றால் பில்டர். எத்தனோல் நல்ல கரைப்பான். பத்துப் பதினைந்து வருடம் தாங்கியில் படிந்த பிசினையும் தூளையும் முதல் இரண்டு மூன்று தாங்கி எரிபொருளுக்குள் கிளப்பிக் கொண்டுவரும். மாற்றிய புதிதில் அருமையாக ஓடி, சில நூறு கிலோமீற்றரில் இழுவை அறுந்தால் இதுதான் காரணம் என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். பம்புக்கு முன்னே 100 மைக்ரோன், பின்னே 10 மைக்ரோன் எவர்சில்வர் வலைப் பில்டர் போடுங்கள். கடதாசிப் பில்டர் எத்தனோலில் ஊறித் தளர்ந்துவிடும். 500 கிலோமீற்றரில் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

மூன்றாவது இடம் தாங்கிக்குள், பம்பையும் மூடியையும் இணைக்கும் சாண் நீள ஹோஸ். வெளியே போடும் சாதாரண எரிபொருள் ஹோஸை அங்கே போட்டுவிடுகிறார்கள். அதன் வெளித்தோல் எரிபொருளில் மூழ்கி இருப்பதற்காகச் செய்ததல்ல. ஊதி, வெடித்து, பம்ப் தள்ளுவதில் பாதி தாங்கிக்குள்ளேயே திரும்பி ஊற்றும். பம்பின் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும். ஹோஸில் எஸ்ஏஈ ஜே30ஆர்10 என்று அச்சு இருக்க வேண்டும். அதே நீளத்துக்கு அதன் விலை பல மடங்கு. இந்த ஓரிடத்தில் காசு பார்க்காதீர்கள்.

ரெவ் ஏறும்போது பூஸ்ட் குறைகிறது, கலவை ரிச் (எரிபொருள் கூடுதல்) ஆகிறது

எரிபொருளில் பிழை இல்லை. பெல்ற் வழுக்குகிறது. சுப்பர்சார்ஜர் கிராங்கோடு பெல்ற்றால் கட்டப்பட்டது, ஆகவே ரெவ்வோடு பூஸ்ட் சீராக ஏற வேண்டும் அல்லது நிற்க வேண்டும். சரிந்தால் பெல்ற்றை இறுக்கும் ரென்ஷனரையும், புலியில் (பெல்ற் ஓடும் சில்லு) பளபளப்பையும் பாருங்கள். வாடைக் காலத்து மழையில் நனைந்த பெல்ற்றில் மட்டும் வந்து, காய்ந்ததும் மறைந்தால் பெல்ற்றின் வயது முடிந்தது.

லீன் காட்டுகிறது, ஆனால் அழுத்தமும் டியூட்டியும் சரி

வைட்பேண்ட் (கலவையை அளக்கும் புகைக்குழாய் சென்சர்) பார்ப்பது பெற்றோலை அல்ல, மிஞ்சிய ஒட்சிசனை. பூஸ்ட்டில் பொறி அணைந்தால் எரியாத காற்று முழுதும் வெளியே போகும், மீற்றர் லீன் என்று சொல்லும். அதைப் பார்த்து எரிபொருளைக் கூட்டினால் நிலைமை இன்னும் கெடும். பிளக் இடைவெளி 1.1 மில்லிமீற்றரில் இருந்தால் 0.7க்குக் குறையுங்கள். பிளக்கும் ஒரு படி குளிர்ந்ததாக இருக்கட்டும்.

ஐட்லில் ஆடுகிறது, ஏசி போட்டதும் நின்றுவிடுகிறது

பெரிய இன்ஜெக்டர் போட்ட பிறகு வரும் தொல்லை. இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம் வோல்ற்றுக்கு ஏற்ப மாறும். 14 வோல்ற்றில் இருப்பதைவிட 12.5இல் அது நீளும். ஐட்லில் இன்ஜெக்டர் திறந்திருப்பதே இரண்டு மூன்று மில்லிசெக்கன்தான், அதில் சிறு பிழையும் பெரிய பங்காகிவிடும். இன்ஜெக்டரோடு வந்த அட்டவணையை, உங்கள் அழுத்தத்துக்கு உரியதைத் தெரிந்து, ஈசியூவில் அப்படியே ஏற்றுங்கள். சோதனை எளிது. ஐட்லில் ஹெட்லைற், பான், ஏசி எல்லாம் போடுங்கள். வோல்ற் விழும்போது லம்டா (வைட்பேண்ட் காட்டும் கலவை அளவு) நகர்ந்தால் அட்டவணை பிழை.

இன்னொரு காரணத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். 450 போன்ற பெரிய பம்ப் போட்டு, ரிட்டர்ன் லைனைப் பழைய மெல்லிய குழாயாகவே விட்டால், ஐட்லில் மிஞ்சும் எரிபொருள் திரும்பிப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். 3.6 காட்டி, ரெகுலேற்றரின் திருகை முழுக்கத் தளர்த்தியும் இறங்காவிட்டால் ரிட்டர்னை ஏஎன்-6 (3/8 அங்குலக் குழாய்) அளவுக்குப் பெரிதாக்குவதுதான் வழி. பெரிய பம்ப் நல்ல பம்ப் என்ற எண்ணத்தின் விலை இது. நமது 200 குதிரைவலுவுக்கு எத்தனோலுக்கு ஏற்ற நடுத்தரப் பம்ப் தாராளமாகப் போதும்.

சூட்டில் நிறுத்தி, அரை மணியில் திரும்பவும் ஸ்டார்ட் பண்ண முடியவில்லை

கச்சான் வீசும் மாதங்களில், வெயிலில் நிறுத்திய காரில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. எஞ்சின் சூடு ரெயிலுக்கு ஏறி எரிபொருளில் ஆவிக்குமிழ் கட்டுகிறது. தூய எத்தனோல் 78 பாகையில்தான் கொதிக்கும், ஆகவே ஈ85 இதற்கு அவ்வளவு மோசமில்லை. மோசம் அரைகுறைக் கலவை. பெற்றோலில் 10 முதல் 20 வீதம் எத்தனோல் கலந்தால் அதன் ஆவியழுத்தம் வெறும் பெற்றோலைவிடவும் கூடும். எத்தனோல் தீர்ந்து பெற்றோல் ஊற்றி ஊற்றி ஓடும் நாட்களில் இந்தத் தொல்லை தலையெடுப்பது அதனால்தான்.

ஆவியா, அழுத்தம் கசிவதா என்று பிரிக்க: எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். 2 பாருக்கு மேல் நின்றால் கசிவில்லை, சாவியை இரண்டு தரம் ஓன் பண்ணிப் பம்பை ஓடவிட்டு ஸ்டார்ட் எடுங்கள், ரெயிலுக்கு வெப்பக் காப்பும் போடுங்கள். விழுந்தால், றப்பர் உள்ள இடத்தில் ஹோஸ் கிளாம்பால் அமுக்கித் தேடலாம். பம்பிலிருந்து வரும் லைனை அமுக்கியதும் நின்றால் பம்பின் செக் வால்வு. ரிட்டர்னை அமுக்கியதும் நின்றால் ரெகுலேற்றர். இரண்டையும் அமுக்கியும் விழுந்தால் இன்ஜெக்டர் ஒன்று சொட்டுகிறது. டெஃப்லான் ஹோஸை அமுக்க வேண்டாம், ஒருமுறை மடிந்தால் அது பிறகு அந்த இடத்திலேயே மடியும்.

காலையில் குளிரில் ஸ்டார்ட் ஆகாதது எத்தனோலின் பெயர்போன குறை. ஆனால் மார்கழியிலும் திருகோணமலைக் காலை 23, 24 பாகைதான். இங்கே காலையில் அடம்பிடிக்கும் காருக்கு எத்தனோலைக் குறை சொல்லாமல் மேலே சொன்ன கசிவைத் தேடுங்கள். நுவரெலியாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் 15 பாகைக்குக் கீழ் உள்ள ஸ்டார்ட் அட்டவணையை முன்கூட்டியே நிரப்பி வையுங்கள்.

சில வாரம் நிறுத்திவைத்தபின் இருமுகிறது, ஸ்டார்ட் ஆகி அணைகிறது

தண்ணீர். எத்தனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அரைத்தாங்கியில் நிற்கும் காரில் ஈரக் காற்றுக்கு இடமும் அதிகம். ஆனால் பெரும்பாலான தண்ணீர் எத்தனோலோடே வந்துவிடுகிறது. சாதாரண வடிப்பில் எத்தனோல் எடைக்கு 95.6 வீதத்துக்கு மேல் தூய்மையாகாது, மீதி தண்ணீர். எரிபொருளாகக் கலக்க வேண்டியது அதற்குப் பிறகு தண்ணீர் நீக்கிய 99 வீதத்துக்கு மேற்பட்டது. வாங்கும்போதே அற்ககோல்மானியை மிதக்கவிட்டுப் பாருங்கள்.

இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். எத்தனோல் நிறைய இருக்கும்வரை அது தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்திருக்கும். ஈ85 கணிசமான தண்ணீரைத் தாங்கும். 10 வீதக் கலவை அரை வீதத் தண்ணீரைத்தான் தாங்கும். தண்ணீர் கலந்த ஈ85 தாங்கியில் கிடக்கும்போது, "பெற்றோல் ஊற்றினால் சரியாகிவிடும்" என்று ஊற்ற ஊற்ற எத்தனோல் வீதம் இறங்கி, தண்ணீர் எத்தனோலையும் இழுத்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். மேலே மிஞ்சிய பெற்றோலும் ஒக்டேன் இறங்கியதாக இருக்கும்.

தாங்கியின் அடியிலிருந்து கண்ணாடிப் போத்தல் ஒன்றில் எடுத்து ஒரு மணி நேரம் வையுங்கள். கோடு விழுந்து இரண்டு படையாகப் பிரிந்தாலோ பால்போல் கலங்கினாலோ தாங்கி முழுவதையும் இறக்குங்கள். பிரிந்த எரிபொருளை மீட்க மருந்து எதுவும் கிடையாது. தாங்கியைத் துடைத்து, பில்டர் மாற்றி, லைனைக் கழுவி ஊற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதென்றால் தாங்கி நிறைந்திருக்கட்டும்.

எத்தனோல் வீதம் குதிக்கிறது, அல்லது நம்ப முடியாத எண் காட்டுகிறது

பரவலாகப் பயன்படும் ஜீஎம் வகை சென்சர் வீதத்தை அதிர்வெண்ணாகச் சொல்கிறது. 50 ஹேர்ட்ஸ் என்றால் எத்தனோல் இல்லை, 150 என்றால் முழு எத்தனோல், ஈ85க்கு 135. துடிப்பின் அகலம் வெப்பநிலை: 1 மில்லிசெக்கன் மைனஸ் 40 பாகை, 5 மில்லிசெக்கன் 125 பாகை. மல்ரிமீற்றரில் ஹேர்ட்ஸ் பாருங்கள். எதுவும் இல்லை என்றால் வயர் அல்லது 12 வோல்ற் இல்லை. 180ஐத் தாண்டினால் எரிபொருள் அழுக்கு என்று சென்சரே சொல்கிறது, பெரும்பாலும் தண்ணீர். மீற்றரில் சரியாக இருந்து ஈசியூவில் பிழை என்றால் ஈசியூவின் அளவீட்டுக் கோட்டைத் திருத்துங்கள்.

சென்சரை ரிட்டர்னில் வைத்திருந்தால் புதிதாக ஊற்றிய எரிபொருள் ரெயிலைக் கடந்த பிறகே தெரியவரும். ஷெட்டிலிருந்து வெளியேறும் முதல் சில நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள்.

சென்சரை நம்பாமல் கையால் பார்க்கும் வழி: 100 மில்லிலீற்றர் அளவுக்குழாயில் 50 தண்ணீர், 50 எரிபொருள். மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். எத்தனோல் முழுவதும் தண்ணீரோடு சேர்ந்து அடியில் நிற்கும். அடியில் உள்ள படை 92 கோட்டில் நின்றால் கூடியது 42, 50இல் 42 என்றால் 84 வீதம். தண்ணீரும் எத்தனோலும் சேரும்போது கனவளவு சற்றுச் சுருங்கும், ஆகவே உண்மையான வீதம் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். எரிபொருளில் முன்பே இருந்த தண்ணீரும் எத்தனோலாகக் கணக்கில் வரும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

எரிபொருள் வாசம், ஹோஸ் ஈரம்

வாசம் வந்த நேரத்திலேயே நிறுத்துங்கள். ஹோஸுக்கு டெஃப்லான் உட்குழாய், ஓ-ரிங்குக்கு வைட்டன். அனொடைஸ் செய்யாத அலுமினியத்திலும் நாகம் (சிங்க்) பூசிய பாகங்களிலும் எத்தனோல் வெள்ளைக் கூழ்போல் ஒன்றைக் கிளப்பும். அது பில்டரில் தெரிந்தால் அந்தப் பாகத்தைத் தேடி மாற்றுங்கள். தூய எத்தனோல் வெயிலில் எரிந்தால் சுவாலை கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, சூடுதான் சொல்லும். கலக்கும் இடத்திலும் காரிலும் உலர் தூள் தீயணைப்புக் கருவி கட்டாயம்.

ஒயில் மட்டம் ஏறுகிறது

சந்தைக்கும் உவர்மலைக்கும் என்று கிட்ட ஓட்டம் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் முழுதாகச் சூடாவதில்லை, எரியாத எத்தனோலும் தண்ணீரும் ஒயிலில் சேர்கின்றன. மூடியின் அடியில் மோர்போல் படிந்தால் அடையாளம். ஒயிலை 3000 கிலோமீற்றரில் மாற்றுங்கள், வாரத்தில் ஒருமுறை கந்தளாய்வரை ஓட்டி வாருங்கள்.

எத்தனோல் கிடைக்கவில்லை, பெற்றோலுக்குத் திரும்ப வேண்டும்

டர்போ என்றால் பூஸ்ட்டைக் குறைக்கப் பொத்தான் உண்டு. சுப்பர்சார்ஜரில் பூஸ்ட்டைத் தீர்மானிப்பது புலி. எத்தனோலை நம்பிச் சிறிய புலி போட்ட காரில் 92 பெற்றோலை ஊற்றி அதே இக்னிஷனில் ஓட்டினால் நொக்கிங் (கலவை தானாக வெடிப்பது) பிஸ்டனை உடைக்கும். ஈசியூவில் எத்தனோல் வீதம் இறங்க இறங்க இக்னிஷனைப் பின்தள்ளும் அட்டவணை இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பழைய புலியை மாட்டி, 95 ஊற்றி, பெற்றோல் மேப்பை ஏற்றிய பிறகே ஸ்டார்ட் எடுங்கள். தாங்கியில் மிஞ்சியதையும் கணக்கில் எடுங்கள். 15 லீற்றர் ஈ85 மேல் 25 லீற்றர் பெற்றோல் ஊற்றினால் கிடைப்பது சுமார் 32 வீதம், பெற்றோல் அல்ல. சென்சர் இல்லாத கார் என்றால் அந்த 15 லீற்றரை முதலில் இறக்கிவிடுங்கள். பெற்றோல் ஊற்றியதும் எரிபொருள் ட்ரிம்மை (ஈசியூ தானே செய்துகொள்ளும் திருத்தம்) அழித்து, ஐட்லில் பத்து நிமிடம், பூஸ்ட் இல்லாமல் இருபது கிலோமீற்றர் ஓட்டி, ட்ரிம் ஐந்து வீதத்துக்குள் வந்து நின்ற பின்னரே காலை அழுத்துங்கள்.